மூட்டையில் இல்லாத சேவல்: தீனி, கூண்டு, சட்டம் குறித்துச் சில குறிப்புகள்

1

வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பெட்டைகள் மேய்கின்றன. அவற்றுக்குத் தீனி வாங்க மாதம் ஒரு தரம் திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தீவனக் கடைக்குப் போவது வழக்கம். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போனேன். கடை வாசலில் கம்பிவலைக் கூண்டுகள் ஏழெட்டு அடுக்கியிருந்தது. கூண்டுக்கு ஒரு சேவல். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்துவிட்டால் கம்பியில் மோதி மூஞ்சியைக் கிழித்துக்கொள்ளுமாம்.

"என்ன விலை?" என்றேன். கடைக்காரர் விலை சொல்லவில்லை. "எதுக்குண்ணே?" என்று திருப்பிக் கேட்டார். கறிக்கென்றால் ஒரு விலை. பெட்டைகளோடு சேர்த்துவிட என்றால் இன்னொரு விலை. சாமிக்கென்றால் நிறம் பார்க்கணும். கட்டுக்கு என்றால், "அத வாசல்ல வச்சுப் பேச வேணாம்ணே, உள்ள வாங்க."

உள்ளே போனால் மூட்டைகள். குஞ்சுத் தீவனம், வளர்தீவனம், லேயர் தீவனம், பிராய்லருக்கு ஸ்டார்ட்டர், ஃபினிஷர். "சேவலுக்கு எதுண்ணே?" என்றேன். "அதுக்குன்னு மூட்டை ஏதுண்ணே? கம்பு, சோளம், நெல்லு, அவனவன் கைப்பக்குவம்தான். லேயர் தீவனத்தப் போட்டுறாதீங்க, ஆவாது." அவர் சொன்னது சரி. முட்டை ஓட்டுக்காக லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. முட்டையிடாத உடம்புக்கு அது மிகை. தொடர்ந்து தின்றால் சேவலின் சிறுநீரகம் கெடும்.

ஆக, வாசலில் இருக்கிற சேவலுக்கு உள்ளே இருக்கிற மூட்டையில் இடமில்லை. இது ஒரு கடையின் தற்செயல் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். மூட்டைக்குள் சேவல் இல்லாமல் போனதும், வாசலில் அது கூண்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். அந்த வரலாற்றில் ஒரு பக்கத்துக்குப் பார்வையாளர் உண்டு, காவல்துறை உண்டு, நீதிமன்றம் உண்டு. மறுபக்கத்துக்கு இவை எதுவும் சுலபத்தில் வருவதில்லை.

2

கோழி மனிதனிடம் வந்த கதையே தீனியின் கதைதான். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்று 1868-இல் டார்வின் எழுதினார். 863 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு அதை உறுதிசெய்தது. தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியான்மர் வட்டாரத்தில் வாழும் ஒரு கிளையினம்தான் நெருங்கிய உறவு என்றும் காட்டியது. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, தாய்லாந்தின் பான் நான் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே இதுவரை அறிந்தவற்றில் மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்றது. காலம் பொ.ஆ.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. அங்கே மனிதன் காட்டுக்குள் போய்க் கோழியைப் பிடித்து வரவில்லை. மனிதன் நெல்லும் தினையும் விதைத்தான். சிந்திய தானியத்தைத் தேடிக் கோழி வந்தது. வந்தது நின்றது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்துதான் வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். இன்று உலகின் எந்த மூலையிலும் விற்கிற மஞ்சள் தோல் கோழியின் உடம்பில் நம் காட்டின் கையெழுத்து இருக்கிறது.

தானியத்துக்கும் கோழிக்குமான இந்த இழுபறியைத் தமிழ் இலக்கியம் வெகு முன்பே பதிவுசெய்துவிட்டது. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டக் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி வீசிய பெண்கள் பட்டினப்பாலையில் வருகிறார்கள். நம் தமிழாசிரியர்கள் இதைச் சோழநாட்டுச் செல்வச் செழிப்புக்குச் சான்று காட்டியே பழகிவிட்டார்கள். செழிப்பு இருக்கட்டும். தானியத்துக்குக் காவல் பெண். கோழியோடு தினசரி மல்லுக்கு நிற்பதும் பெண் என்பதையும் அதே இடத்தில் வாசிக்கலாம். இந்த விரட்டலுக்கும் இரைபோடலுக்கும் நடுவில்தான் கோழி வீட்டுக்கோழி ஆனது. கிராமத்தில் இன்றைக்கும் கோழி விற்ற காசு, முட்டை விற்ற காசு என்றால் பெரும்பாலும் அது பெண்ணின் முந்தானை முடிச்சுக்குப் போகிற காசு.

சேவல் மட்டும் அந்த முடிச்சிலிருந்து கழன்றுகொண்டது. அது ஆணின் கைக்குப் போயிற்று.

3

ஆணின் கைக்குப் போன சேவலுக்குக் கல் நட்டார்கள். மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும், விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும் சண்டையில் செத்த சேவல்களுக்கு நடுகற்கள் இருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியவை. பழைய தமிழ் எழுத்துப் பொறித்தவை. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர். அது கீழ்ச்சேரியின் கோழி. அரசலாபுரத்துச் சேவல் முகையூர் மேற்சேரியின் சார்பில் நின்றது. (சேரி என்பது அன்று குடியிருப்பைக் குறித்த பொதுச்சொல். அது எப்படி இன்றைய பொருளுக்கு ஒடுக்கப்பட்டது என்பது தனிக்கதை. எழுதப்பட வேண்டிய கதை.)

ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்கு நட்ட அதே கல்லைத்தான் சேவலுக்கும் நட்டிருக்கிறார்கள். கள்வரை எதிர்த்துச் செத்த கோவிவன் என்ற நாய்க்கும் எடுத்தனூரில் கல் உண்டு. எனவே விலங்குக்குக் கல் என்பதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நாய் தன்னை வளர்த்தவனுக்காகத் திருடனோடு மோதிச் செத்தது. சேவல் இன்னொரு சேவலோடு மோதிச் செத்தது. இரண்டு குடியிருப்புகளின் போட்டியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு செத்தது. மனிதர் மோதவேண்டிய இடத்தில் பறவைகள் மோதின. பறவையின் வீரம் ஊரின் வீரமாகக் கல்லில் ஏறிற்று.

அதிகாரம் தன்னைச் சொல்லிக்கொள்வதற்கும் சேவல் பயன்பட்டது. யானையைச் சேவல் வென்ற மண் என்பதால் உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்ததாம், சிலப்பதிகாரம் சொல்கிறது. தமிழில் வாரணம் என்றால் யானை, வாரணம் என்றால் சேவலும்கூட. கந்தபுராணத்தில் சூரபதுமன் இரண்டாகப் பிளக்கப்பட்டு ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் மாறுகிறான். மயில் வென்றவனின் ஊர்தி, சேவல் வென்றவனின் கொடி. தோற்றவனின் உடம்பே வென்றவனின் வெற்றிச் சின்னமாகிவிடுகிற இந்தக் கதையாடலைக் கட்டுத்தரையில் அப்படியே பார்க்கலாம். தோற்றுச் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அது வென்ற சேவல்காரனுக்குச் சொந்தம். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குழம்பு வைப்பதில் ஒரு தனிக் கௌரவம். கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசுப் பக்கம் கேட்டுப் பாருங்கள், கோச்சைக் கறியின் ருசியே வேற என்பார்கள்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில் ஒரு மாற்றுக் குரல் இருக்கிறது. குறுந்தொகை 305-ஆம் பாட்டு. அதை எழுதியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பயன்படுத்திய உவமையை வைத்துக் குப்பைக்கோழியார் என்று அழைக்கப்பட்டார். பேசுவது தலைவி. யாரும் மோதவிடாமல் தாமாகவே மோதிக்கொள்ளும் குப்பைமேட்டுக் கோழிகளைப் போலத் தன் துயரம் இருக்கிறது என்கிறாள். மோதவிட்டவர் இல்லை, ஆகவே விலக்கிவிடவும் ஆள் இல்லை. அதுவாக முடிந்தால்தான் உண்டு.

இந்த உவமை பொருள்பட வேண்டுமானால், மோதவிட ஆளும் விலக்கிவிட ஆளும் உள்ள சண்டை அன்றே வழக்கில் இருந்திருக்க வேண்டும். ஊர்கூடிப் பார்க்கிற சண்டை ஆண்களுடையது. அதற்கு விதி உண்டு, விலக்கு உண்டு, கல்லும் உண்டு. யாரும் பார்க்காத சண்டை பெண்ணுடையது. அவள் தன்னை அடையாளம் கண்டது பொற்கொற்றியில் அல்ல, குப்பைக்கோழியில். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

4

சேவற்கட்டு என்றதும் நம் கோட்பாட்டு நண்பர்கள் கிளிஃபோர்ட் கீர்ட்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். 1958-இல் மனைவியோடு பாலித் தீவுக் கிராமம் ஒன்றுக்குப் போனார் கீர்ட்ஸ். பள்ளிக்கூடம் கட்டப் பணம் திரட்ட நடந்த, ஆனால் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்த சேவற்கட்டில் போலீஸ் புகுந்தது. ஊரோடு சேர்ந்து இவரும் ஓடினார். ஓடியதால் ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சேவற்கட்டு என்பது பாலி மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் கதை, ஒரு பிரதி, என்று வாசித்துக் காட்டினார். பந்தயப் பணத்தைவிட அந்தஸ்துதான் அங்கே பணயம் என்றார்.

பத்து ஆண்டு கழித்து வில்லியம் ரோஸ்பெரி ஒரு எதிர்வாதம் வைத்தார். பிரதி, பிரதி என்கிறீர்களே, இதை எழுதுவது யார்? இந்தக் கட்டுகள் ஒரு காலத்தில் சந்தையோடும் அரசர்களின் வரியோடும் பிணைந்திருந்தன. காலனியமும் பிறகு வந்த குடியரசும் அவற்றின் மீது கைவைத்தன. பெண்கள் இதில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை என்ற செய்தி போகிற போக்கில் சொல்லப்படுகிறது. பிரதியாக மட்டும் படித்தால் இந்த வரலாறெல்லாம் ஆவியாகிவிடுகிறது என்பது ரோஸ்பெரியின் குற்றச்சாட்டு.

இதை நம் ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம். இங்கும் சேவலை வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று இறகு நிறம் பார்த்துப் பிரித்து, வளர்பிறை தேய்பிறைக் கணக்கில் பஞ்சபட்சி சாத்திரம் சொல்லி இறக்குகிறார்கள். வெற்றுக்காலா, கத்திக்காலா என்று இரண்டு பிரிவு. அருமையான பிரதிதான்; சந்தேகமே இல்லை. ஆனால் பந்தயம் கட்டுகிறவன் கையும், மாதக்கணக்கில் சேவலுக்கு நீச்சல் விட்டு, ஒத்தடம் கொடுத்து, தானியம் ஊறவைத்து ஊட்டுகிறவன் கையும் எப்போதும் ஒரே கையாக இருப்பதில்லை. மைதானத்தில் பெண்கள் இல்லை. சேவலின் அடைமுட்டையைக் காத்து, குஞ்சைப் பருந்திடமிருந்து பொத்திப் பொத்தி வளர்த்தவள் அவள். கோச்சையைக் கழுவி உலையில் போடுவதும் அவள். நடுவில் நடக்கிற 'வீரம்' மட்டும் அவளுடையதல்ல.

ஆகவே பாரம்பரியம் என்று மார்தட்டுவோரின் பின்னால் நான் நிற்க முடியாது. காலில் கத்தி கட்டி விடுவதை எந்தப் பண்பாட்டு வாதமும் நியாயப்படுத்தாது. ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை.

5

இப்போது மூட்டைக்கு வருவோம். கோழியைக் கூரைக்குள் ஆண்டு முழுக்க அடைத்து வளர்ப்பது நூறு வயசுகூட ஆகாத, அல்லது இப்போதுதான் ஆகிற பழக்கம். வெயில் படாத கோழிக்குக் கால் எலும்பு வளைந்துபோகும். 1920-களில் வைட்டமின் டி கண்டறியப்பட்டு, அதைத் தீனியில் கலக்கலாம் என்றானதும், வெயில் தேவையில்லை என்றாகிவிட்டது. வெயில் மூட்டைக்குள் வந்துவிட்டது. கோழி கூண்டுக்குள் போய்விட்டது. தீனியைத் தேடி மனிதனிடம் வந்த பறவையிடமிருந்து, தேடுதல் என்ற வேலையையே தீனி பறித்துக்கொண்டது.

அதே 1920-களில் ஜப்பானில் இன்னொன்று நடந்தது. பிறந்த ஒரு நாள் குஞ்சின் பின்துளையைப் பிதுக்கிப் பார்த்து ஆணா பெண்ணா என்று பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கென்று ஒரு வம்சம், கறிக்கென்று ஒரு வம்சம் என்று கோழி இனம் இரண்டாக்கப்பட்டபோது இந்தப் பிரிப்பு விதியாகிவிட்டது. கறிக்கோழியில் ஆணும் எடை போடும், வளர்ப்பார்கள். முட்டை வம்சத்து ஆண் முட்டையும் இடாது, லாபமாக எடையும் போடாது. தின்கிற தீனிக்குக் கணக்கு இடிக்கும். எனவே முதல் நாளே கழிவு. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண்குஞ்சுகள் இப்படிக் கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி 2022-ஜனவரியிலிருந்து இதைத் தடைசெய்தது.

நம் ஊரில் இந்தக் கழிவின் ஒரு பகுதியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அடையாளம் தெரியாமல். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்துச் சைக்கிளில் கூடை கட்டி, பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாகத் தெருவில் விற்கிற கலர் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் இவைதான். குழந்தைகள் ஆசையாக வாங்குகின்றன. நாலு நாளில் செத்துவிடுகின்றன. குழந்தை அழும், "கலர் குஞ்சு நிக்காதுடா" என்று தேற்றுவோம். நிற்பதற்காக அது பொரிக்கப்படவே இல்லை.

சேவல் இல்லாத முட்டைக்கு வேறொரு சமூகப் பயனும் கிடைத்தது. கரு இல்லாத முட்டை உயிரற்றது, ஆகவே 'சைவம்' என்ற வாதம். பால் குடிக்கிறவர்கள் கருவற்ற முட்டையை மறுக்கக் காரணமில்லை என்று காந்தியே எழுதினார். சேவலை விலக்கியதால் முட்டை தூய்மையாயிற்று! ஒரு கோடி ஆண்குஞ்சு செத்தாலும் முட்டை சைவம்தான்.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். இந்தக் கூண்டு முட்டையைச் சும்மா திட்டிவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று; 2010-இல் வாரத்துக்கு ஐந்து. முட்டை தீட்டு என்று பல மாநிலங்களில் பள்ளித் தட்டிலிருந்து அதைத் தள்ளிவைக்கிற அரசியலுக்கு எதிரே, இந்தத் தட்டு ஒரு சாதனை. வேறெங்கும் புரதம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. நாமக்கல்லின் கூண்டுகள் இல்லாமல் அவ்வளவு முட்டை வந்திருக்காது என்பதும் உண்மை. இயற்கை முட்டை, நாட்டு முட்டை என்று மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிவிட்டுக் கூண்டு முட்டையை ஏளனம் செய்கிற நகரத்து நாக்கின் பக்கமும் நான் நிற்க முடியாது.

6

சட்டம் எங்கே நிற்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் விளைந்தது. அதன் 11-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விலங்கையோ பறவையையோ சண்டைக்குத் தூண்டுவது குற்றம் என்று ஒரு உட்பிரிவு. நீளம், அகலம், உயரம் போதாமல், அசையத் தக்க இடம் தராத கூண்டில் அடைப்பது குற்றம் என்று இன்னொரு உட்பிரிவு. இரண்டும் ஒரே பிரிவுக்குள், ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் என்று எழுதிவைத்தார்கள். அதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று விழித்தே இருந்தது, மற்றொன்று உறங்கியது. பொங்கல் வந்தால் முதல் உட்பிரிவுக்கு வேலை வந்துவிடும். மைதானத்தில் போலீஸ், சேவல்கள் பறிமுதல், உயர் நீதிமன்றத்தில் மனு, கத்தி கூடாது பந்தயம் கூடாது என்ற நிபந்தனை. கூண்டு உட்பிரிவைப் பற்றி இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையில் விரிவாகப் பேசியது 2017-இல். சட்டம் வந்து 57 ஆண்டு கழித்து. முட்டைக்கோழிகளுக்கென விதிகள் வந்தது 2023-இல். அவை ஒரு கோழிக்கு ஒதுக்கிய இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 624. புதிய விதிப்படி வாழும் கோழிக்கும் ஒரு தாள் அளவு இடம் கிடையாது.

பலியின் கதையும் இதே தினுசு. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1950-லிருந்து உறங்கிக் கிடந்தது. 2003-இல் அதை எழுப்பினார்கள். சுடலைக்கும் கருப்பனுக்கும் சேவல் அறுக்கிறவர்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள். எதிர்ப்பு வலுத்து 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. அந்த மாதங்களிலும் கறிக்கடைகள் திறந்தேதான் இருந்தன. அறுப்பது குற்றமில்லை, சாமி பார்க்க, ஊர் பார்க்க அறுப்பதே குற்றம்.

இந்தப் பார்வைக்குப் பழைய வம்சாவளி உண்டு. 1780-களில் லக்னோவில் நவாபு ஆசஃப் உத்-தௌலாவோடு கர்னல் மோர்டான்ட் சேவல் மோதவிட்ட காட்சியை ஜோஃபனி ஓவியமாகத் தீட்டினார். துரைமார் சுற்றி நின்று ரசிக்கிறார்கள். அரை நூற்றாண்டில், 1835-இல், இங்கிலாந்து சேவற்கட்டைத் தடைசெய்தது. நரிவேட்டை தொடர்ந்தது. எளியவர்களின் கேளிக்கை மட்டுமே கொடுமையாகத் தெரிகிறது என்று அக்காலத்திலேயே சிட்னி ஸ்மித் கேலி செய்திருந்தார். மேல்தட்டு வன்முறைக்கு வேலி உண்டு. கீழ்த்தட்டு வன்முறைக்கு மைதானம்தான் உண்டு. மைதானத்தில் நடப்பது கண்ணில் படும்.

இதனால் சேவற்கட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலக்கிவிட ஆள் இருக்கிற சண்டையை மட்டுமே நாம் சண்டை என்று ஒப்புக்கொள்கிறோம் என்கிறேன். கொட்டகைக்குள் நடப்பதற்கு மோதவிட்டவர் என்று ஒரு முகம் கிடையாது. கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் கடனும் விவசாயியுடையது. அங்கே யாரைப் போய்ப் பிடிப்பது? குறுந்தொகைத் தலைவி சொன்ன குப்பைக்கோழிச் சண்டை இப்போது ஒரு தொழில்துறையாக வளர்ந்து நிற்கிறது.

நம் இயக்கங்கள் இதில் ஏதாவது பேச வேண்டுமென்றால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். பிள்ளையின் தட்டில் ஐந்து முட்டை குறையக் கூடாது. கூண்டு அகலமாக வேண்டும்; ஆண்குஞ்சு முதல் நாளே கழிவாகிற ஏற்பாடு நிற்க வேண்டும். அதற்கு ஆகிற செலவைப் பிள்ளையும் சிறுபண்ணைக்காரரும் அல்லாமல் யார் தலையில் வைப்பது? குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கித் தீவன ஆலைவரை லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை வாங்குகிற அரசும் இருக்கிறது. கொள்முதல் ஒப்பந்தத்தில் கோழிக்கு இவ்வளவு இடம் என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். அதற்கான விலையை அரசே கொடுக்கச் சொல்லலாம். இவை பெரிய புரட்சி இல்லை. ஆனால் இதுவரை யாரும் உரக்கக் கேட்காத கோரிக்கைகள்.

பொற்கொற்றிக்குப் பெயர் இருந்தது, சேரி இருந்தது, செத்த பிறகு ஒரு கல்லும் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்தும் அதன் பெயரை நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். இன்று காலை பொரித்து, மாலைக்குள் இல்லாமல் போகிற ஆண்குஞ்சு யாருடைய சேரிக்காகவும் நின்றதில்லை. அதை எண்ணிக்கையில் மட்டும்தான் சொல்ல முடிகிறது.